நெகிழ்ச்சி வேறு, தளர்ச்சி வேறு

ஆங்கில அகராதியில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்களுள் ‘கட்டுமரம்’ ஒன்று என்பதை அன்பர்கள் அறிவர். ஆயினும் இன்று உலகோர் அப்பெயரால் அழைக்கும் பாய்மரப் படகு நம் மீனவருடையது அன்று. மரங்களை நெருக்கி வைத்துக் கயிற்றால் பிணைத்தது நமது கலம். ஒடுங்கிய இரண்டு படகுடல்களை இடைவெளிவிட்டு நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் இணைத்தது பாலினேசியத் தீவினரின் கலம். அமைப்பு அவர்களுடையது, பெயர் நம்முடையது.

இத்தகைய இரட்டைப் படகின் வலிமை முழுவதும் அதன் இணைப்பிலேயே உள்ளது. அலை இரண்டு உடல்களையும் ஒருங்கே தாக்குவதில்லை. ஒன்றின் அணியம் அலையின் முகட்டில் எழும்போது, மற்றதன் அணியம் பள்ளத்தில் தாழும். அப்பொழுது குறுக்குச் சட்டங்கள் முறுக்கப்படுகின்றன. அவை இணங்கிக் கொடுத்தால், பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பிகள் தொய்கின்றன, பாய் வடிவிழக்கிறது, காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும் ஆற்றல் குன்றுகிறது.

இதற்கு இருவகைத் தீர்வுகள் உண்டு. முதலாவது விறைப்பு. 1967-இல் ராட்னி மார்ச் வடிவமைத்த ‘டொர்னாடோ’ என்னும் 20 அடிப் படகு இவ்வகையது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியது. இத்தகைய படகுகளுக்குக் குழாய் வடிவச் சட்டமே ஏற்றது. குழாயின் சுவர்த் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால், எடை ஏறத்தாழ இரு மடங்காகும். வளையாமல் நிற்கும் திறனோ எட்டு மடங்காகும். தாளைச் சுருட்டி, விளிம்பை ஒட்டி, இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். பின்னர் நெடுக ஒரு கீறல் இட்டு மீண்டும் முறுக்குங்கள். மூடிய குழாயின் அருமை குழந்தைகளுக்கும் விளங்கும்.

இரண்டாவது நெகிழ்ச்சி. ஆங்கிலேயரான ஜேம்ஸ் வாரம் பாலினேசிய முறையைப் போற்றி, தம் ‘டிக்கி’ வகைப் படகுகளில் சட்டங்களைக் கயிற்றாலேயே உடல்களுடன் பிணைத்தார். அவ்வகையில் 21 அடி நீளமே உள்ள ஒரு படகில் ரோரி மெக்டூகல் 1991 முதல் 1997 வரை உலகையே சுற்றி வந்தார். ஹவாயிலிருந்து தாகித்திக்கு 1976-இல் சென்ற ‘ஹோக்குலேயா’வும் கயிற்றுப் பிணைப்பையே நம்பியது.

அங்ஙனமாயின், ஆடும் இணைப்பு தீங்கற்றது என்று கொள்ளலாமா? கூடாது. இறுகச் சுற்றிய கயிறு சிறிதே விட்டுக்கொடுத்து மீள்கிறது. தாக்குதலைப் பல சுற்றுகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. தேய்ந்த துளையில் ஆடும் ஆணியோ அலைதோறும் சம்மட்டியாக அடிக்கிறது. துளை பெரிதாகப் பெரிதாக அடியும் வலுக்கிறது. உப்பு நீரில் எஃகு ஆணியும் அலுமினியச் சட்டமும் தொட்டிருப்பின் அலுமினியம் அரிக்கப்படுவதால் கேடு விரைகிறது. முன்னது நெகிழ்ச்சி, பின்னது தளர்ச்சி. ரயில் பெட்டியின் வில் அசைவதும் மரை கழன்று ஆடுவதும் ஒன்றாகுமோ?

கடற்கரை நகரங்களில் வாழும் நம் இளைஞர் பலர் இத்தகைய படகுகளில் ஏறுகின்றனர். அவர்கள் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. விறைப்பான சட்டமிட்ட படகை மணலில் நிறுத்தி, ஓர் அணியத்தை மெல்ல உயர்த்துக. மற்றதும் விரைவில் தொடர்ந்து எழுந்தால் நன்று. நெடுநேரம் அசையாதிருப்பின், அல்லது மூட்டில் ‘டக்’கென்ற ஒலி கேட்பின், மூலை இணைப்புகளையும் இரு சட்டங்களுக்கிடையே விரித்த துணித்தளத்தின் கயிறுகளையும் ஆராய்ந்து இறுக்குக. கயிற்றுப் பிணைப்பாயின், சுற்றுகள் தொய்ந்தனவா, நார் அறுந்ததா என்று நோக்குக. கரையில் கேட்கும் சிற்றொலியைப் புறக்கணித்தால், நடுக்கடலில் சட்டம் கழன்று உயிருக்கே ஏதமாகக்கூடும்.

பாயின் வளைவு காற்றை எவ்வாறு பயன்கொள்கிறது என்பதை அடுத்த இதழில் காண்போம்.