கடைசி பெஞ்ச்: பென்குயின் வந்துச்சு... டிராயிங் வரலை!

ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சுதா? எனக்கும் முடிஞ்சுது... எப்படி முடிஞ்சுதுங்கிறதுதான் இந்த வாரக் கதை.

என் லேப்டாப், அக்கா காலேஜ் படிச்சப்போ 2016-ல வாங்கினது. கல்யாணமாகிப் போறப்போ பீரோவைக் கொண்டுபோயிட்டா, லேப்டாப்பை எனக்கு விட்டுட்டா. விண்டோஸ் 10-ல நல்லாத்தான் ஓடிச்சு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது. மெஷின் நின்னுடாது, ஆனா வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது. விண்டோஸ் 11 போடலாம்னா, டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் பிராசஸர்னா பொதுவா எட்டாவது தலைமுறையில இருந்துதான் சேர்த்தி. என்னோடது ஆறாவது!

புதுசு கேட்கலாம்னு அப்பாகிட்ட போனேன். செமஸ்டர் ஃபீஸ் ரசீதை அப்பதான் மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டிருந்தார். அப்படியே திரும்பி வந்துட்டேன்.

"லினக்ஸ் போட்டுடு மச்சான், காசே கிடையாது"ன்னான் ரூம்மேட். 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 21, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். நம்ம செட்டு! பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட்டை ஏத்தி, ஒரே ராத்திரியில விண்டோஸை மொத்தமா துடைச்சுட்டேன். கிழட்டு லேப்டாப் குதிரையா ஓடிச்சு. பைத்தான், சி புரோகிராம், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஓகே. மேட்லாபுக்குக்கூட லினக்ஸ் வெர்ஷன் இருக்கு.

மூணாம் நாள்தான் உறைச்சது. நான் மெக்கானிக்கல். எங்க ப்ராஜெக்ட்டை வரைஞ்ச 3டி சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும்தான்! 'வைன்'னு ஒண்ணு இருக்கு. விண்டோஸ் புரோகிராம் கேட்கிறதை லினக்ஸுக்குப் புரியுற மாதிரி மாத்திச் சொல்லும். நிறைய புரோகிராமுக்கு வேலை செய்யும். எங்களோடதுக்கு செய்யலை. உள்ளேயே ஒரு விண்டோஸை 'விர்ச்சுவல் மெஷின்'ல ஓட்டலாம்னா, இருக்கிற 4 ஜிபி ரேம் ரெண்டு பேருக்குப் பங்கு போட்டா பத்தாது.

டீம்ல மூணு பேருக்கும் சேர்த்து அந்த ஒரே லேப்டாப்தான். லேப்ல ஜூனியர்ஸுக்கு பிராக்டிகல் எக்ஸாம். கடைசியில கிளாஸ்மேட் ஒருத்தி தன் மெஷின்ல திறந்து, 'ஸ்டெப்' ஃபைலா மாத்திக் கொடுத்தா. இலவசமான ஃப்ரீகேட்ல திறந்தேன். அச்சு அசலா வந்துச்சு. அப்பாடா!

ரிவ்யூல சார் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அந்த ஓட்டை 12 மில்லிமீட்டர் இருக்கே, 10 ஆக்கிக் காட்டு, பார்ப்போம்."

மாத்த முடியலை. ஸ்டெப் ஃபைல்ல வடிவம் வரும், அதை வரைஞ்ச படிகள் வராது. இட்லி வந்துடும், மாவு அரைச்ச கணக்கு வராது! பழைய ஃபைல்னா ஒரு நம்பரை மாத்தினா போதும். மூணு வாரம் ராத்திரி முழிச்சு வரைஞ்சவன் என் டீம்மேட். அவன் எதுவும் சொல்லலை. பேசாம நின்னான். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதனால, ஓஎஸ் மாத்தப்போற மக்களே...

* முதல்ல பேப்பர்ல எழுதுங்க: இந்த செமஸ்டருக்கு எந்தெந்த சாஃப்ட்வேர் வேணும், லினக்ஸ்ல வருமா?
* இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி பென் டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க. ஹார்டு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.
* பேக்கப் எடுத்துட்டு, ரெண்டு ஓஎஸ்ஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கோங்க.
* ஒரிஜினல் ஃபைல், ஸ்டெப், பிடிஎஃப் மூணையும் சேமிங்க.
* ரிவ்யூவுக்கு முந்தின வாரம் எதையும் மாத்தாதீங்க!

இப்ப என் லேப்டாப்ல பாதி விண்டோஸ், அது டிராயிங்குக்கு மட்டும். நெட், படிப்பு எல்லாம் மின்ட். அந்தப் பார்ட்டை ஃப்ரீகேட்ல முதல்ல இருந்து வரைஞ்சுக்கிட்டிருக்கேன். டீம்மேட் பக்கத்துல உட்கார்ந்து தப்பு கண்டுபிடிக்கிறான். பேச ஆரம்பிச்சுட்டான்!

பெல் அடிச்சாச்சு. அடுத்த வாரம் பார்ப்போமா?