ஈ சொல்லும் சாட்சி, புழு செய்யும் வைத்தியம்

சாப்பாட்டுத் தட்டின் பக்கம் ஓர் ஈ வந்தால் கை தானாக விசிறும். அதிலும் பச்சையும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு, இறைச்சிக் கடையிலும் குப்பைமேட்டிலும் ரீங்கரிக்கும் பெரிய ஈ என்றால் அருவருப்பு இரண்டு மடங்கு. 'புழுத்துப் போக' என்பது வாயில் வரவே கூடாத சாபம். ஆனால் அந்த ஈயையும் அதன் புழுவையும் குப்பிகளில் வளர்த்து, நாள் கணக்கில் உற்றுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அவர்களால் கொலைகாரர்கள் சிக்கினார்கள். ஆறாத புண்களும் ஆறின.

சீனாவில் 1247இல் சோங் சி என்ற நீதி அதிகாரி, மரண விசாரணையை எப்படி நடத்துவது என்று ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. சாலையோரம் ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அரிவாள் வெட்டு. விசாரணை அதிகாரி, அக்கம்பக்கத்தார் எல்லோரின் அரிவாள்களையும் கொண்டுவரச் சொல்லித் தரையில் பரப்பிவைத்தார். நல்ல வெயில் காலம். எழுபது, எண்பது அரிவாள்கள் இருந்தும் ஒன்றை மட்டுமே ஈ மொய்த்தது. ரத்த வாடை! அரிவாளுக்கு உரியவன் முதலில் மறுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான்.

அங்கே ஈ ஆளைக் காட்டியது. இன்று அது நாளையும் காட்டுகிறது. எப்படி?

உயிர் பிரிந்த உடலைத் தேடி முதலில் வருவது இந்தப் பெரிய ஈதான். திறந்த வெளியும் பகல் வெளிச்சமும் இருந்தால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடம் பார்த்து முட்டையிடும். வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும். புழு இரண்டு முறை தோலுரித்துப் பெருக்கும். பிறகு உடலை விட்டு நகர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். வெப்பம் கூடினால் இந்த வளர்ச்சி வேகமெடுக்கும், குளிர்ந்தால் மந்தமாகும். எந்த வகை ஈ, அன்றைய வெப்பநிலை என்ன என்பது தெரிந்தால் புழுவின் வயதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

அதனால்தான் நிபுணர்கள், உடல் கிடந்த இடத்தில் இருப்பதிலேயே பெரிய புழுக்களைத் தேடிப் பொறுக்குகிறார்கள். சிலவற்றைப் பதப்படுத்துகிறார்கள். சிலவற்றை உயிரோடு வளர்த்து, எந்த வகை ஈயாக வெளிவருகிறது என்று பார்க்கிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது. புழு சொல்வது முட்டையிட்ட நேரத்தைத்தான். பூட்டிய அறைக்குள் ஈ நுழையத் தாமதமாகலாம். எனவே 'இறந்து குறைந்தது இத்தனை நாள்' என்பதே நியாயமான பதில்.

இந்தக் கணக்குக்குப் பெயர் வாங்கித் தந்தது 1935இல் பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கு. பம்பாயில் பிறந்து, இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் மருத்துவராக இருந்தவர் பக் ரக்ஸ்டன். செப்டம்பர் மத்தியில் அவர் மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போனார்கள். இருவரும் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லிவந்தார். செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் மாஃபட் ஊருக்கு அருகே ஓர் ஓடையில், துணியிலும் பழைய செய்தித்தாளிலும் சுற்றிய உடல் துண்டுகள் கிடைத்தன. அடையாளம் தெரியாதபடி தேர்ந்த கை சிதைத்திருந்தது. ஆனால் புழுக்களை மறைக்க முடியவில்லையே! கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மெர்ன்ஸ் அவற்றை ஆராய்ந்து, வயது 12 முதல் 14 நாள் என்றார். பெண்கள் காணாமல் போன நாளோடு அது ஒத்துப்போனது. மற்ற சாட்சியங்களும் சேர, ரக்ஸ்டன் 1936 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

சரி, அதே புழு வைத்தியம் பார்க்குமா? பார்க்கும்.

முதல் உலகப் போரில், 1917இல், அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் பேயரிடம் இரண்டு வீரர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தொடை எலும்பு முறிந்து, வயிற்றிலும் காயத்தோடு ஏழு நாள் போர்க்களத்தில் கிடந்தவர்கள். துணியை விலக்கினால் காயம் முழுக்கப் புழு! ஆனால் இருவருக்கும் காய்ச்சல் இல்லை. புழுவைக் கழுவிவிட்டுப் பார்த்தால், சீழ் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தசை வளர்ந்திருந்தது. பேயர் அதை மறக்கவில்லை. பத்தாண்டுக்குப் பிறகு, எலும்பில் சீழ் பிடித்த குழந்தைகளுக்குப் புழு வைத்துக் குணப்படுத்தினார். கிருமி நீக்காத புழுவால் சிலருக்கு டெட்டனஸ் வந்ததால், கிருமியில்லாமல் புழு வளர்க்கும் முறையையும் உருவாக்கினார். பிறகு பெனிசிலின் வந்தது. புழு வைத்தியம் ஓரம் போனது.

பல மருந்துகளுக்கும் மசியாத கிருமிகள் பெருகிய பிறகு அதற்கு மீண்டும் மவுசு. 2004இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை அனுமதித்தது. இந்த வகைப் புழுவின் உமிழ்நீர் செத்த தசையைக் கரைக்கிறது; கரைந்ததைப் புழு உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல தசையை விட்டுவிடுகிறது. கத்தி நுழையத் தயங்கும் இடத்திலும் வேலை செய்கிறது. புண்ணின் மேல் வைத்து வலைத்துணியால் கட்டி, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கு இது பயன்படுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் புண்ணைத் திறந்து போட்டுவிடக் கூடாது. ஆய்வகத்தில் முட்டையிலேயே கிருமி நீக்கி வளர்க்கும் புழு வேறு. தெரு ஈ இட்டுவிட்டுப் போகும் புழு வேறு. உயிருள்ள தசையையே குடைந்து தின்னும் ஈ வகையும் நம் நாட்டில் உண்டு. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அதன் கொடுமை தெரியும்.

சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், தினமும் இரவில் அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் யாராவது ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. சின்னக் கீறல் தெரிந்தாலும் கழுவி, மூடி, மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். புழு வைத்தியம் வரை போகாமல் தப்ப அதுவே வழி.