முகத்திற்கு உடையவர் யார்?

படம் விற்கும் வர்த்தகத்தில் இன்று ஒரு விசித்திரமான நிலைமை ஏற்பட்டிருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவரைப் போட்டோ எடுத்து, அப்படத்தை விளம்பரத்திற்கு விற்க வேண்டுமானால், அவருடைய கையெழுத்து வேண்டும். அவரைப் போன்ற ஒருவரைச் செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைக் கொண்டு ஆக்கி விற்பதற்கோ, எவருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. 'இதில் காணும் மனிதர் கற்பனை' என்று விற்பவரே ஒரு குறி இட்டுவிட்டால் காரியம் முடிந்தது. இது வியாபாரிகளின் தஸ்தாவேஜு விவகாரந்தானே என்று பொதுஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடலாகாது. ஒரு மனிதனுக்குத் தன் முகத்தின்மீதுள்ள பாத்தியதையைப் பற்றிய விஷயம் இது.

விளம்பரக்காரர்களும் பத்திரிகைகளும் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும்படி கோடிக்கணக்கான படங்களைத் திரட்டி வைத்து, அவற்றை உபயோகிக்கும் உரிமையை விலைக்கு அளிக்கும் ஸ்தாபனங்கள் உண்டு. இவற்றை 'ஸ்டாக்' படக் கம்பெனிகள் என்பர். கெட்டி இமேஜஸ், ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகியவை இவற்றுள் பிரபலமானவை. செய்தியோடு ஒரு படத்தை வெளியிடுவதற்கு அதிலுள்ளவரின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. சோப்பு விற்பதற்கும் மருந்து விற்பதற்கும் அதே படத்தை உபயோகிப்பதானால், அவர் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் வேண்டும். இதையே 'மாடல் ரிலீஸ்' என்கிறார்கள். சிறுவர்களாயின் பெற்றோரோ கார்டியனோ கையெழுத்திட வேண்டும். கட்டிடம், கலைப்பொருள் முதலியவற்றிற்காக அவற்றின் சொந்தக்காரரிடம் பெறுவது 'பிராப்பர்ட்டி ரிலீஸ்'. பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தைப் பகலில் யாரும் படமெடுத்து விற்கலாம். இரவில் அதன்மீது ஜொலிக்கும் விளக்கலங்காரம் தனிக் கலைப்படைப்பாகக் கருதப்படுவதால், இரவுப் படத்தை வியாபாரத்திற்கு உபயோகிக்கக் கோபுரத்தை நிர்வகிக்கும் கம்பெனியின் அனுமதி வேண்டும். இரும்புக்கும் விளக்குக்குமே இவ்வளவு காவல் இருக்கிறது.

மனித முகத்திற்கு இந்தக் காவல் எளிதில் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில் ஓர் இளம்பெண்ணின் படத்தை, அவளைக் கேளாமலே, ஒரு மாவு வியாபாரத்திற்காகச் சுமார் 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டார்கள். கடைகளிலும் பொது இடங்களிலும் தன் முகத்தைக் கண்டு அவள் மனம் நொந்து கோர்ட்டுக்குப் போனாள். 1902-ல் அந்த ராஜ்யத்தின் மேல் கோர்ட்டு, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், இதற்குப் பரிகாரம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்புக் கூறியது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மறு வருஷமே, எழுத்துமூலமான சம்மதமின்றி ஒருவருடைய பெயரையோ படத்தையோ விளம்பரத்திற்கு உபயோகிப்பது குற்றம் என்று அங்கே சட்டம் பிறந்தது. இன்றைய சம்மதப் பத்திரத்தின் மூலங்களில் ஒன்று இந்தச் சட்டமே. ஓர் இளம்பெண்ணின் வழக்குத் தோற்றது. அவள் கேட்ட நியாயம் வென்றது. நம் நாட்டிலும் 1994-ல், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு ராஜ்யம் என்ற வழக்கில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்திற்கு உபயோகிப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதமானது என்று சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக் கூறியிருக்கிறது.

இப்போது யந்திரம் வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் கெட்டி இமேஜஸ், யந்திரம் ஆக்கிய படங்களை ஏற்பதில்லை என்று தடை விதித்தது. அதே வருஷம் டிசம்பரில் அடோபி ஸ்டாக், அத்தகைய படங்களை நிபந்தனைகளுடன் ஏற்பதாக அறிவித்தது. நிபந்தனைகள் பார்வைக்கு நியாயமாகவே இருக்கின்றன. படம் யந்திரத்தால் ஆனது என்று தெரிவிக்க வேண்டும். உண்மையான ஒருவரை அடையாளம் காணும்படி இருந்தால் சம்மதப் பத்திரம் இணைக்க வேண்டும். அப்படி எவரும் இல்லையென்றால், 'மனிதரும் சொத்தும் கற்பனை' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும்.

குற்றம் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் இருக்கிறது. பழைய பத்திரத்தில் படத்தில் நின்றவர் 'சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்திட்டார். புதிய முறையிலோ, லாபம் அடையப்போகிறவரே 'சம்மதிக்க வேண்டியவர் எவரும் இல்லை' என்று சாக்ஷி சொல்லுகிறார். சம்மதத்தின் இடத்தில் மறுப்பு உட்கார்ந்துவிட்டது. அந்த மறுப்பு மெய்யா என்று அறிய அவருக்கே வழியில்லை. 'வயலில் சிரித்து நிற்கும் கிழவர்' என்று யந்திரத்திற்குக் கட்டளையிடுகிறவர், அது எந்தக் கிழவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பதை எவ்வாறு அறிவார்?

யந்திரம் வெறும் ஆகாயத்திலிருந்து முகங்களைப் பறித்துவிடுவதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பிரசித்தமான யந்திரத்திற்குப் பயிற்சியளிக்க உதவிய 'லயான்-5பி' என்ற தொகுப்பு, 585 கோடி படங்களையும் அவற்றின் விவரணங்களையும் சுட்டுவது. அதில் மிகமிகச் சொற்பமான ஒரு பகுதியை மட்டும் சோதித்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஸ்தாபனம், பிரேஸில் தேசத்துக் குழந்தைகளின் 170 படங்கள் அதிலிருப்பதை 2024-ல் வெளியிட்டது. அக்குழந்தைகளின் பெற்றோர் யாரிடம் கையெழுத்திட்டார்கள்?

கற்றதை யந்திரம் ஒன்றாகக் கரைத்துவிடுகிறது, எந்தத் தனி முகமும் மிஞ்சுவதில்லை என்று சமாதானம் சொல்லுவார்கள். பெரும்பாலும் அது மெய்யே. ஆனால் 2023 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்கள், தொகுப்பில் அடிக்கடி வரும் படங்களைக் குறிவைத்துச் சோதித்து, யந்திரத்திடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மூலப்படங்களை அநேகமாக அப்படியே வரவழைத்துக் காட்டினார்கள். அவற்றுள் உண்மையான மனிதரின் போட்டோவும் இருந்தது. கெட்டி இமேஜஸ் தன் படங்களில் பொறிக்கும் அடையாளக்குறியையே யந்திரம் சில படங்களில் கக்கிவிட்டது. 2025 நவம்பரில் லண்டன் ஹைக்கோர்ட்டு, யந்திரம் தன்னுள் படங்களைச் சேமித்து வைக்கவில்லை என்று கூறிக் கெட்டியின் வழக்கில் பெரும்பகுதியைத் தள்ளியபோதிலும், அடையாளக்குறி விஷயத்தில் மட்டும் ஓரளவு கெட்டிக்குச் சாதகமாகவே தீர்த்தது. கம்பெனியின் முத்திரை யந்திரத்திலிருந்து வெளிவரக்கூடுமானால், குடியானவனுடைய முகம் வராதென்று உறுதி கூறுபவர் யார்? முத்திரைக்காக வாதாட வக்கீல்கள் இருக்கிறார்கள். குடியானவனுக்காக எவரும் இல்லை.

சம்மதப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களின் கதியும் யோசிக்கத் தக்கது. அடோபி கம்பெனி தன் 'ஃபயர்ஃபிளை' யந்திரத்திற்குத் தன்னிடமிருந்த ஸ்டாக் படங்களைக் கொண்டே பயிற்சியளித்தது. பிறர் பொருளை எடுத்துக்கொள்வதைவிட இது மேலானதே. 2023-ல் படங்களை அளித்தவர்களுக்கு ஒரு தொகையும் வழங்கியது. ஆனால் அத்தொகை படம் எடுத்தவரைச் சேர்ந்தது. அந்தப் படங்களில் நின்றவர்கள் பல வருஷங்களுக்கு முன் கையெழுத்திட்டபோது, தங்கள் சாயல் ஒரு யந்திரத்திற்குப் பாடமாகும் என்றும், அந்த யந்திரம் தங்கள் தொழிலுக்கே போட்டியாக வரும் என்றும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுபக்கத்து வாதத்தையும் நாம் மறைக்கவில்லை. மாடலுக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத சிறு வியாபாரிக்குக் கற்பனை முகம் பெரிய சகாயம். இழிவான விளம்பரங்களில் உண்மையான ஒருவரின் முகத்தைப் போடுவதைவிட, பிறவாத ஒருவரின் முகத்தைப் போடுவது தர்மம் என்றுகூடச் சொல்லலாம். ஆகையால் இத்தொழிலையே தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கற்பனை என்று சொல்லப்படுவது கற்பனையாகவே இருக்கட்டும். அப்படியில்லாதபோது பொறுப்பேற்க ஒருவர் இருக்கட்டும் என்றே கேட்கிறோம்.

விற்பவர் இடும் குறி, படம் வாங்கியவரின் கைக்குப் போனதும் காணாமற் போகிறது. இஸ்ரேல்-காஸா யுத்தத்தைக் காட்டுவதாக யந்திரம் ஆக்கிய படங்கள் அடோபி ஸ்டாக்கில் அக்குறியுடனேயே விற்கப்பட்டன. வாங்கிய சில செய்தித் தளங்கள் குறியில்லாமலே அவற்றை உண்மைப் படங்கள்போல் வெளியிட்ட சங்கதி 2023 நவம்பரில் அம்பலமாயிற்று. எனவே முதலாவதாக, குறி படத்தோடு கடைசிவரை செல்ல வேண்டும். நூற்றிருபது வருஷங்களுக்கு முன் வழிகாட்டிய அதே நியூயார்க் ராஜ்யம், விளம்பரத்தில் யந்திர மனிதரைக் காட்டுபவர் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்றும், தவறினால் முதன்முறை 1,000 டாலரும் பிறகு 5,000 டாலரும் அபராதம் என்றும் 2025 டிசம்பரில் சட்டம் செய்திருக்கிறது. இரண்டாவதாக, யந்திரத்திற்கு இட்ட கட்டளையையும், மூலமாக உபயோகித்த போட்டோவையும் விற்பவர் பாதுகாத்து வைத்து, கேட்டபோது காட்ட வேண்டும். மூன்றாவதாக, 'இது என் முகம்' என்று ஒருவர் முறையிட்டால், படத்தை உடனே விற்பனையிலிருந்து விலக்க வேண்டும். அல்லவென்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையதாக இருக்க வேண்டும். நான்காவதாக, சம்மதப் பத்திரத்தில் யந்திரப் பயிற்சிக்குத் தனி வாசகமும் தனி ஊதியமும் வேண்டும்.

2023-ல் டில்லி ஹைக்கோர்ட்டு, நடிகர் அனில் கபூரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அபகரிப்பதற்குத் தடையுத்தரவு அளித்தது. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் கீர்த்தி பெற்றவருக்குக் கோர்ட்டு வாயில் திறந்திருக்கிறது. கீர்த்தியற்ற கோடிக்கணக்கானவர்களுக்கு அவர்கள் முகம் ஒன்றே அடையாளம். அதைக் காக்க வேண்டியது சட்டம். நம் சட்டசபைகளில் உள்ளவர்கள் இவ்விஷயத்தைக் கவனிப்பார்களா? அன்று அந்தப் பெண் தன் முகத்தைச் சுவரில் கண்டாள். ஆகவே வழக்காட முடிந்தது. இன்று தன் சாயல் எந்த நாட்டில், எந்தச் சரக்கின்மேல் இருக்கிறது என்பதே ஒருவருக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு நேரும் அநியாயமும் அநியாயமே.