மாணவச் செவிலியரும் பொறுப்பும்

மருத்துவமனைப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவிக்கு அறச்சிக்கலே இல்லை, சொன்னதைச் செய்தால் போதும், பொறுப்பு மூத்தவர்களுடையது என்றொரு வாதம் உண்டு. கேட்க வசதியான வாதம்தான், வார்டில் செல்லாது.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போன்ற ஊரிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகச் செவிலியம் படிக்க வரும் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். இரவுப் பணியில் நோயாளிகள் அதிகம், ஆட்கள் குறைவு. ஒரு கட்டிலுக்கு பிபி பார்க்கவே இல்லை. "120/80 போட்டுடும்மா" என்கிறார் மூத்தவர். காலையில் மருத்துவர் அந்த எண்ணை நம்பித்தான் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். எது சரி என்று மாணவிக்குத் தெரியும். ஆனால் அவள் பயிற்சியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லப்போவதும் அதே மூத்தவர். சிக்கல் அறியாமையில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் பொருத்தப் பழகும்போதும் இதே கதை: நோயாளியிடம் சம்மதம் கேட்க யாருக்கும் நேரமிருப்பதில்லை.

சர்வதேசச் செவிலியர் மன்றத்தின் 1953ஆம் ஆண்டு நெறிமுறை, மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றுவதைக் கடமையாக்கியது. 1973இல் அது மாறி, செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுவோரிடம் என்றானது. கீழ்ப்படிதல் வாதம் காலாவதியாகி அரை நூற்றாண்டு ஆகிறது.

மறுத்துப் பேசிய மாணவியின் மதிப்பெண் குறையாது என்பதைக் கல்லூரிகள் முதலில் எழுத்தில் தரட்டும்.