ஒருசந்தி யாருக்கு?

தவக்காலம் வந்தால் ‘ஒருசந்தி இருக்கிறாயா?’ என்ற கேள்வி முதலில் வருவது வீட்டுப் பெண்ணிடம்தான். திருச்சபைச் சட்டமோ ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர் எல்லோரும் அறுபதாம் வயது தொடங்கும்வரை கட்டுப்பட்டவர்கள். அன்று ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. வயதைக் கணக்கெடுத்த சட்டம் தட்டைக் கணக்கெடுக்க மறந்துவிட்டது.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்கிறது: 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, அதே வயது ஆண்களில் 25. எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுகிறவளுக்கு வருடம் முழுக்க ஒருசந்திதான்.

சுத்தபோசன வெள்ளியைப் பாருங்கள். இறைச்சி கூடாது, மீன் கூடும். காலாப்பட்டுக் கரையில் விடிகாலையில் ஏலம் எடுத்துக் கூடை சுமப்பவள் ஒரு பெண். புதுச்சேரி வீட்டில் அதைச் செதில் உரசி, அலசி, குழம்பு கூட்டுகிறவள் இன்னொரு பெண். வஞ்சிர வறுவலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு எழுகிறவர் சுத்தபோசனம் காத்தவராம்!

நோன்பு பெண்களுக்குப் பலமாக இருந்ததில்லையா என்று கேட்பார்கள். இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் பெண்ணின் கைக்குள் இருந்த வளம் உணவு; அதனால்தான் அதை மறுப்பதும் அவளுக்கு ஆயுதமானது என்று கரோலின் வாக்கர் பைனம் 1987இல் விரிவாக எழுதினார். ஒப்புக்கொள்கிறேன். சாப்பிடச் சொன்னாலும் சாப்பிட முடியாத அளவுக்கு நோன்பிருந்த சியன்னா நகரக் கத்தரீன் 1380இல் இறந்தபோது வயது 33. மறைவல்லுநர் பட்டம் 1970இல் வந்தது. ஒரு பெண்ணின் சொல் எடுபட அவள் உடம்பு இவ்வளவு உருக வேண்டியிருந்தது என்றால், சுற்றியிருந்தவர்களின் காதைப் பற்றி அல்லவா பேச வேண்டும்?

நம் ஊரில் அந்தப் பேரம் இன்னும் மலிவு. கணவன் குடியை விட வேண்டுமென்று மனைவி உபவாச ஜெபத்தில் உட்காருகிறாள். அன்றும் அவன் மூன்று வேளை சாப்பிடுகிறான். சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்பியிருக்கிறாள்.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று கோயிலில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். நோன்பு நாளிலும் வேலையாட்களை ஒடுக்குகிறவர்கள்மீது கடவுள் கோபப்படும் இடம் அது. பசித்தவரோடு உணவைப் பகிரச் சொல்லும் இடமும் அதுவே. வாசித்து முடித்த கையோடு பங்குத்தந்தையர் ஆண்களைப் பார்த்துச் சொல்லட்டும்: இந்த நாற்பது நாளும் அடுப்படி உங்களுடையது. அவள் முதலில் உட்காருவாள். மீனில் நடுத்துண்டு அவளுக்கு. சட்டி கழுவுவதும் உங்கள் ஒருசந்தியில் சேரும்.