பொம்மைத் தலையின் குறைகளைத் திருத்துதல்



இம்முறை றெசின் பொம்மைத் தலையைத் திருத்தும் வேலையைப் பற்றிப் பார்ப்போம். யப்பானின் வொல்க்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் மூட்டுக்கள் அசையும் றெசின் பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் கொரியாவிலும் பலர் செய்யத் தொடங்கினர். இவற்றின் தலை, கண், முடி எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். ஆதலால் தாம் விரும்பும் முகத்தைச் சொல்லிச் செய்விப்போரும் உண்டு. அப்படி ஒருவருக்கென்றே வார்த்த தலை பழுதாகிப்போனால் அதேபோல் இன்னொன்றைக் கடையில் வாங்க முடியாது. வேலையை ஏற்குமுன் குறைகளை உரியவருக்குக் காட்டி, எதைத் திருத்துவது, எதை விடுவது என்று பேசிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு குறைகள். சிலிக்கன் அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு இருக்கும். மற்றையது ஊசிமுனை அளவான துளைகள். பொலியூரித்தேன் றெசின் இரண்டு திரவங்களைக் கலந்து வார்ப்பது. அவற்றில் ஒன்று ஈரத்துடன் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிக் குமிழிகள் வரும். மழைக்காலத்தில் வார்த்த தலையில் துளைகள் கூடுதலாக இருந்தால் வியப்பில்லை.

வரம்பை நீக்க அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூள் நெஞ்சுக்குள் போய்விடும். இது அலட்சியப்படுத்தக்கூடிய விடயமல்ல. என்95 முகக்கவசம் அணியுங்கள். தூள் காயுமுன் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது இவ்வேலை வேண்டாம். 400 இலக்கத்தில் தொடங்கி 600, 800, 1000 என்று போனால் கீறல் தெரியாது. காதுக்குப் பின்னால் உள்ள வரம்பை நான் தொடவே மாட்டேன், பொய்முடி மறைத்துவிடும்.

துளையை நிரப்புமுன் குண்டூசியால் அதன் வாயைச் சற்று அகலமாக்கி, சவர்க்கார நீரில் பழைய பற்தூரிகையால் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். இரண்டு பகுதிகளைக் குழைத்துச் செய்யும் எப்பொக்சி மக்கை, பல்லுக்குத்தும் குச்சியால் உள்ளே அழுத்தி, மேலே சிறிது புடைத்து நிற்க விடுங்கள். ஒரு நாள் இறுகிய பின்பே தேய்க்கலாம். மக்கின் நிறம் றெசின் நிறத்தோடு ஒத்துப்போகாது. வர்ணம் தீட்டாத கன்னத்தில் துளை இருந்தால், தலையின் உட்புறத்தில் தேய்த்தெடுத்த தூளை மூடி உலர்த்தி, சுப்பர் குளூவில் குழைத்து அடையுங்கள். உடனே இறுகுவதால் ஒரு துளைக்கு வேண்டிய அளவே குழைக்க வேண்டும்.

கண்குழிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பதே கடினமான குறை. தலையைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். நேரே பார்க்கும்போது பிடிபடாத கோணல் அதில் தெரியும். பென்சிலில் அரத்தாளைச் சுற்றி, சிறிய குழியை இரண்டு தேய்ப்புத் தேய்த்து, கண்ணை வைத்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். கூடுதலாகப் போனதை மக்கு வைத்து மீட்டாலும் அடையாளம் தெரியும்.

வெயில்பட்டு மஞ்சளித்த தலையைத் தேய்த்து வெளுக்கச் சிலர் கேட்பார்கள். முழுவதும் தேய்த்தால் உதட்டின் வெட்டும் இமையின் மடிப்பும் மழுங்கிவிடும். மறுத்துவிடுவதே நல்லது.

முடிவில் கழுவி உலர்த்தி, மினுக்கமில்லாத வார்ணிசை வெளியே நின்று முகக்கவசத்துடன் விசிறுங்கள். மழை நாளில் விசிறினால் வெண்மை படரும். வர்ணம் தீட்டுமுன் உரியவரை அழைத்துத் தலையைக் காட்டிவிடுங்கள். வர்ணம் பூசிய பிறகு எது பழைய குறை, எது உங்கள் கைவேலை என்று பிரித்துக் காட்ட முடியாது.