லாரி கேபினுக்கு ஏசி: சொகுசா? பாதுகாப்பா?



"லாரிக்கு எதுக்குங்க ஏசி? டிரைவர் சொகுசா போறதுக்கா?"

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி கொண்டு வந்தது. அதிலிருந்து இந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

மருத்துவராக என் பதில்: பிரேக் எப்படியோ அப்படித்தான் இதுவும். பாதுகாப்புக் கருவி.

ஏன்னு சொல்றேன்.

குளிர் நாடுகளில் பழைய மாடல் காரை ஆசையாகப் புதுசாகக் கட்டுபவர்கள், உள்ளே நல்ல ஹீட்டர் வைக்க மெனக்கெடுவார்கள். இன்ஜினைச் சுற்றி வரும் சுடுதண்ணீரை ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் விட்டு, பின்னால் ஒரு ஃபேன். அவ்வளவுதான், கேபின் கதகதப்பாகிவிடும். டீசல் எரிந்து வரும் சக்தியில் பாதிக்கும் மேல் வண்டியை நகர்த்துவதில்லை, வெப்பமாகத்தான் போகிறது.

நம்ம ஊர் லாரிக்கு அந்த ஹீட்டரே வேண்டாம். இன்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே தகரக் கூரை, முன்னால் பெரிய கண்ணாடி. மே மாத மதியம் புதுக்கோட்டையில் இருந்து அறந்தாங்கிக்குக் கல்லு லோடு ஏற்றிப் போகும் டிப்பருக்குள் உட்கார்ந்து பாருங்க, புரியும்.

"அதான் ஃபேன் இருக்கே?"

நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடச் சூடானால் உடம்பைக் குளிர்விக்க வியர்வை ஒன்றுதான் வழி. 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேபினில் ஓடும் ஃபேன் அனல் காற்றைத்தான் முகத்தில் அடிக்கிறது.

அடுத்தது என்ன ஆகும்?

வியர்வையோடு நீரும் உப்பும் போகும். தலைவலி, தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு வரும். கவனம் குறையும், பிரேக் மிதிக்க எடுக்கும் நேரம் கூடும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் குழம்பினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உயிர் போகும் நிலை.

இதில் சத்தமில்லாத சேதம் ஒன்று உண்டு. சிறுநீரகக் கல்லோடு ஓபிக்கு வரும் ஓட்டுநர்களிடம் "தண்ணி ஏன் குடிக்க மாட்றீங்க?" என்று கேட்டால், "குடிச்சா வண்டியை ஓரங்கட்டணுமே சார்" என்பார்கள். நாள் முழுக்க வியர்வை, தண்ணீரும் குறைவு, சிறுநீரையும் அடக்குவது. கல்லும் நீர்க்கடுப்பும் வராமல் என்ன செய்யும்?

"ஏசி போட்டா டிரைவர் தூங்கிடுவார்" என்பது இன்னொரு வாதம். தூக்கம் வருவது தூங்க விடாததால். அதற்கு ஓய்வு கொடுக்கணும், அனலில் வாட்டக் கூடாது.

"டீசல் கூடக் குடிக்கும்" என்பது நியாயமான கவலை. ஆனால் ஒரு விபத்துக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்க, முதலாளிமார்களே.

சரி, விதி வந்தாச்சே, இன்னும் என்ன?

அது புது வண்டிக்கு மட்டும். அதுவும் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் உள்ள சரக்கு வண்டிக்கு. கீரமங்கலத்தில் பூ ஏற்றும் குட்டி யானைக்கு இல்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்காரும் பஸ் ஓட்டுநருக்கும் இல்லை. ஏற்கனவே ஓடும் பழைய லாரிகள் இன்னும் பல வருஷம் ஓடும். அதில் இருப்பவர்கள் உடம்பு மட்டும் இரும்பா?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு அரசு, பழைய வண்டிகளில் ஏசி பொருத்த மானியமோ கடனோ தர வேண்டும். எஃப்.சி. காட்டும்போது கேபின் வெப்பத் தடுப்பையும் பார்க்க வேண்டும். இது என் கோரிக்கை.

அதுவரை உரிமையாளர்கள் செய்யக்கூடியவை:

1. இன்ஜின் மூடிக்கும் கேபின் தரைக்கும் வெப்பம் தடுக்கும் ஷீட் ஒட்டுங்க. கூரைக்கு வெளியே வெள்ளை பெயின்ட், உள்ளே தெர்மாகோல் மாதிரி தடுப்பு.

2. தரையில் இருக்கும் ஓட்டைகளை அடைங்க, சைலன்சர் கசிவைச் சரிபாருங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு தூங்கவே கூடாது.

3. கேபினில் 5 லிட்டர் தண்ணீர் கேன், நாலு ஓஆர்எஸ் பாக்கெட். மதியம் 12 முதல் 3 வரை முடிந்தவரை நிழலில் நிறுத்த அனுமதி.

ஓட்டுநர் குழறிப் பேசினால் உடனே 108. நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

லோடு லாரி வரும் அதே ரோட்டில்தான் நம்ம பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த லாரியை ஓட்டுபவர் தெளிவாக இருப்பது அவருக்கு மட்டுமான தேவையா? நமக்கும்தானே?

லாரி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்க.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
புதுக்கோட்டை மாவட்டம்